பத்துக்கு எட்டு

"எட்டு," என்றாள் செல்லாயி.

நர்ஸ் பிரமிளாவின் பேனா அப்படியே நின்றது. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த சுகுமாரன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"எட்டா? காலைல ரெண்டுன்னு சொன்னீங்களேம்மா," என்றாள் பிரமிளா.

"அது காலைல. இப்ப எட்டு."

"கொஞ்சம் கொறைச்சுச் சொல்லும்மா," என்றான் சுகுமாரன்.

"நான் என்ன மீனா விக்கிறேன், கொறைக்கிறதுக்கு? எட்டுன்னா எட்டு. நீ எழுதிக்க தாயி."

பிரமிளா எழுதிக்கொண்டாள்.

ஈப்போவில் அந்த ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலிக்கு நம்பர் கேட்பார்கள். ஒரு பிளாஸ்டிக் ரூலரில் சுழியம் முதல் பத்து வரை போட்டு, ஒரு முனையில் சிரிக்கிற மூஞ்சியும் மறுமுனையில் அழுகிற மூஞ்சியும் வரைந்திருக்கும். நோயாளி பார்த்துவிட்டு ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும். நம்பர் மூன்றுக்குக் கீழே இருந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தும் காட்டினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். எட்டு என்றால் அனுப்ப மாட்டார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா வீடு திரும்பியாக வேண்டும் என்பது சுகுமாரனுக்குத் தலைபோகிற விஷயம்.

செல்லாயிக்கு எழுபத்தொரு வயது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவள். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம்; மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, குனிந்து நிமிர்ந்து வெட்டியதில் வலது முட்டி தேய்ந்தே போனது. தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டி, அதில் ஒன்றில் அவளே குடியிருந்து, அந்த வீட்டுக் கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொள்ளும் நிலைமை வந்த பிறகுதான் ஆபரேஷனுக்குத் தலையாட்டினாள். புதன்கிழமை காலை பழைய முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் பார்க்க வேண்டுமே அவளை! ஆபரேஷன் ஆன பொம்பளை மாதிரியே இல்லை. உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில் சாலிஹாம்மாவிடம் பூர்வீகம் விசாரித்தாள். வலிக்கு எத்தனை என்று கேட்டதற்கு "ஒன்னு" என்று சொல்லி, "அதுவும் சும்மா மருவாதிக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் ஷாமினி, முப்பது வயதுகூட இருக்காது, சிரித்துக்கொண்டே விளக்கினாள். "ஆபரேஷன் முடிச்சுத் தைக்கிறதுக்கு முன்னாடி முட்டியச் சுத்தி எல்லா எடத்துலயும் மரத்துப்போற ஊசி போட்டிருக்கோம் சார். ஒரு நாள், கொஞ்சம் மேலயும் தாங்கும். அது விட்டப்புறம் வலி கொஞ்சம் வரும். மாத்திரையும் ஐஸும் வச்சு சமாளிச்சுக்கலாம்."

வியாழன் காலை செல்லாயி வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தே விட்டாள். "இப்படியே போனா சனிக்கிழமை வீட்டுக்குப் போலாம்மா," என்றாள் டாக்டர். சுகுமாரனுக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது.

அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகக் கதவு பொருத்துகிறான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். பதினேழு வருடம் இப்படி மாற்றி மாற்றி ஓடியதில் அவன் உடம்புக்கு எது பகல், எது ராத்திரி என்கிற கணக்கே போய்விட்டது. லிஃப்டில் நின்றபடி தூங்குவான். டிராஃபிக் லைட்டில் தூங்குவான். பாயில் படுத்தால் மட்டும் கண் கொட்டக்கொட்ட விழித்திருப்பான். நாற்பத்தேழு வயதுக்கு அறுபது வயது முகம்.

இப்போது அங்கே லைன் லீடர் வேலை ஒன்று காலி. லைன் லீடருக்கு ராத்திரி ஷிப்டே கிடையாது. காலையில் போய், சாயங்காலம் வந்து, சாப்பிட்டுவிட்டு மனிதனைப்போலப் படுத்துத் தூங்கலாம். அவன் ஆசைப்பட்டதெல்லாம் இவ்வளவுதான். இன்டர்வியூ திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. சூப்பர்வைசர் அஸ்வான் தோளில் தட்டி, "நீ வந்து உக்காந்தா போதும் சுகு, மத்தத நான் பாத்துக்கிறேன் லா," என்று சொல்லியிருந்தார்.

இதை அவன் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. கைக்கு வராத நல்ல சேதியை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுக் கெட்டுப்போகும் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அதோடு, அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் செமோரில் பாதிப் பேர் வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அதனால், "திங்கக்கெழம வேலைக்குப் போவணும்மா," என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

சனிக்கிழமை அம்மாவை வீட்டில் விட வேண்டியது. பாகான் டத்தோவிலிருந்து தங்கை தினேஸ்வரி வந்து ரெண்டு வாரம் கூட இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை இவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியது. இதில் எங்கேயும் எட்டுக்கு இடமே இல்லை.

"ஊசி விட்டிருச்சு போல," என்றாள் டாக்டர் ஷாமினி சாயங்காலம் வந்து. கட்டைப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"அம்மா நம்பர் புரியாமச் சொல்றாங்க டாக்டர்," என்றான் சுகுமாரன். "ஒன்னோட ஒன்ன வச்சுக் கேட்டா சரியாச் சொல்லிருவாங்க. ஏம்மா, என்னப் பெத்தப்ப எவ்ளோ வலி? அதுக்கு ஒரு நம்பர் சொல்லு பாப்போம்."

செல்லாயி யோசித்தாள். "ஒனக்கா? ஒனக்கு ரெண்டு."

"ரெண்டா!"

"ஆமா. காலைல பால் வெட்டிட்டு, கித்தா பாலக் கொண்டாந்து ஸ்டோர்ல ஊத்திட்டு, வந்து பெத்தேன். தங்கச்சிக்கு மூனு. அவ அப்பவே அடம்."

டாக்டர் ஷாமினியின் முகம் மாறியது. "அப்போ இந்த எட்டு..."

"இது எட்டு," என்றாள் செல்லாயி.

பிள்ளை பெற்றதைவிட நாலு மடங்கு வலியை எந்த டாக்டர் சும்மா விடுவார்? உடனே பெரிய மருந்தாக எழுதினாள். சுகுமாரன் தன் வாயைத் தானே அறைந்துகொள்ள ஆசைப்பட்டான், கை தூக்கத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவன் சம்பல் வாசனையோடு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் தனக்கொரு காப்பியுமாக வந்தபோது, செல்லாயி ஒரு பிளாஸ்டிக் பையை வாய்க்கு நேராகப் பிடித்திருந்தாள். பெரிய மருந்து வலியைத் தொடவில்லையாம், வயிற்றைத்தான் பிடித்துக்கொண்டதாம். தலை சுற்றுகிறது என்றாள். நடை பழக்குகிற பையன் வாக்கரோடு வந்தான், பார்த்தான், "நாளைக்குப் பாக்கலாம்," என்று திரும்பிப் போனான்.

"நீ வேலைக்குப் போடா ஐயா," என்றாள் செல்லாயி முனகலாக. "நான் எப்படியோ கெடந்துக்கிறேன். ஏன்டா கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?"

"ஒன்னுமில்லம்மா. நீ மொதல்ல எந்திரிச்சு நட."

"எங்க நடக்க? எட்டு வலி வலிக்குது."

நாசி லெமாக்கை என்ன செய்வது என்று அவன் யோசிக்கும்போதே அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். முட்டையோடு முழுப் பொட்டலமும் காலி. தலை சுற்றுகிறவள் சாப்பிடுகிற சாப்பாடாக அது அவனுக்குத் தோன்றவில்லை. ஆனால் பெற்ற தாய் வலி என்று சொல்லும்போது சந்தேகப்படுவது பாவம் என்று வேறு மனசு உறுத்தியது.

மத்தியானம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டரை வராந்தாவில் மடக்கினான்.

"டாக்டர், அம்மா தோட்டத்து ஆளு. தோட்டத்துல டிரஸர்னு ஒருத்தரு இருப்பாரு, மருந்து குடுக்குறவரு. அவருகிட்ட உள்ளத உள்ளபடி சொன்னா ஒரு வெள்ள மாத்திரையக் குடுத்து, போய் மரம் வெட்டுன்னு அனுப்பிருவாரு. அதனால எல்லாரும் ஒன்னுக்கு ரெண்டாத்தான் சொல்லுவாங்க. அவரும் பாதியாத்தான் எடுத்துக்குவாரு. அந்தப் பழக்கம் இன்னும் போவல. எங்கம்மா எட்டுன்னா நீங்க நாலுன்னு எழுதிக்குங்க."

டாக்டர் ஷாமினி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சார், வலி யாருக்கோ அவங்க சொல்றதத்தான் நாங்க எழுதணும். பாதியாக்க நான் டிரஸர் இல்ல."

"இல்ல டாக்டர், திங்கக்கெழம எனக்கு வேலை..."

"ஓ," என்றாள் அவள். அந்த 'ஓ' அவனுக்குப் பிடிக்கவில்லை. போகிறபோது ஃபைலில் ஏதோ எழுதினாள். அம்மாவின் வலியைக் குடும்பத்தார் குறைத்துச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்ததைப் பிறகு பிரமிளாதான் அவனிடம் சங்கடத்தோடு சொன்னாள்.

ஃபைலில் அப்படி ஏறியதும் ஆஸ்பத்திரிக்கு வேகம் வந்துவிட்டது. வலிக்கென்றே தனியாக இருக்கிற டாக்டர்கள் மெஷினோடு வந்தார்கள். படம் பார்த்து, தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டார்கள். "இனி கால் மரத்திரும், வலி தெரியாது," என்றார்கள்.

மரத்தது. நன்றாகவே மரத்தது. செல்லாயியின் கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் கட்டிலில் தனியாகக் கிடந்தது. விழுந்துவிடுவார் என்று கட்டில் தலைமாட்டில் மஞ்சள் அட்டை மாட்டினார்கள். நடை பழக்குகிறவன் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளேயே வரவில்லை.

"இப்ப எத்தனைம்மா?" என்றாள் பிரமிளா.

"ஒம்பது."

சுகுமாரன் அழாத குறை. "மரத்துப்போன கால்ல எங்கேருந்தும்மா வலி வரும்?"

"கால் இருக்கா இல்லையான்னே தெரியலடா. அந்தக் கவலையே ஒரு வலிதான்."

சனிக்கிழமை காலை பக்கத்துக் கட்டில் சாலிஹாம்மா வீட்டுக்குக் கிளம்பினார். அதே டாக்டர், அதே நாள், அதே முட்டி, அதே ஊசி. வாக்கரைத் தட்டித் தட்டி, பேத்தி பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வர, மகாராணி மாதிரி போனார். "துஆ செய்றேன் செல்லாயி," என்றார் வாசலிலிருந்து. சுகுமாரன் அந்த வாக்கரையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்குத் தினேஸ்வரி வந்தாள், ரெண்டு பெரிய பை, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், ஒரு டிஃபன் கேரியர் நண்டு ரசத்தோடு. நேராக வீட்டுக்குப் போக வேண்டியவளை அவன்தான் போன் பண்ணி வார்டுக்கு வரவழைத்திருந்தான். அவன் கடைசித் துருப்பு அவள்.

"நீ இங்க அம்மாகூட இரு. நான் நாளைக்குக் கெளம்புறேன். வீட்டுக்கு விடுறப்ப டாக்சி வச்சுக் கூட்டிட்டுப் போயிரு. முடிஞ்சிச்சு," என்றான்.

"அதுக்கென்ன, நான் இருக்கேன்," என்றாள் தினேஸ்வரி, நல்ல பெண்ணாக. "ஏண்ணே, ஒன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பேஷன்ட்டு நீயா அம்மாவா?" கேட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயோ!" என்று அலறினாள் செல்லாயி.

வார்டே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா?"

"இவ உக்காந்ததும் பத்தாயிருச்சு. எந்திரிக்கச் சொல்லு. இவ கை பட்டாலே எனக்கு ஆவாது. சுகு இருந்தாத்தான் நான் கால மடக்குவேன்."

தினேஸ்வரியின் மூக்கு விடைத்தது. "நான் உக்காந்தா பத்தா? எண்ணெ தேய்க்க நான் வேணும், நண்டு வாங்கிக் கொண்டார நான் வேணும், மூனு மணி நேரம் பஸ்ல இடிபட்டு வர நான் வேணும். வலிக்கும் நான்தானா?"

"ஏய், மெதுவாப் பேசு, ஆஸ்பத்திரி இது," என்றான் சுகுமாரன்.

"நீ பேசாதண்ணே. எப்பவும் நீதான் அவங்களுக்குத் தங்கம். நீயே இருந்து காவல் காத்துக்க!"

டிஃபன் கேரியரைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போனையும் அணைத்துவிட்டாள். காலையில் வார்டுக்கு ஆளில்லை என்பதுதான் சுகுமாரனின் கவலையாக இருந்தது. மத்தியானம் ஆனபோது வீட்டுக்கும் ஆளில்லை.

"போனா போறா. அந்த ரசத்த இப்படிக் குடு," என்றாள் செல்லாயி.

மனைவி குமுதாவை வரச் சொல்லலாம் என்றால், அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற ரெண்டு பிள்ளைகளும் யூனிவர்சிட்டி கேன்டீனில் வேலையும். "நீங்க இன்டர்வியூவ மட்டும் விட்றாதீங்க," என்று போனில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவன் "ம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ராத்திரி செமோர் வீட்டில் படுத்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விடிந்ததும் பாஸைக் காட்டி உள்ளே வந்தான். தொடை ஊசி விட்டுப்போய், கால் உணர்ச்சி திரும்பியிருந்தது. மஞ்சள் அட்டையும் போய்விட்டது. செல்லாயி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். எட்டு மணிக்குப் பிரமிளா ரூலரோடு வந்தாள்.

சுகுமாரன் அம்மாவைப் பார்த்தான். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நல்ல தூக்கம்.

"ரெண்டு," என்றான் மெதுவாக.

"என்னண்ணே?"

"இப்பதான் கேட்டேன் மிஸ்ஸி. ரெண்டுன்னு சொல்லிட்டுத்தான் தூங்குனாங்க. எழுதிக்குங்க."

"டேய்," என்றது கட்டில். செல்லாயி கண்ணைத் திறக்கவே இல்லை. "கால் யாருது?"

பிரமிளா சுகுமாரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கால் என்னுது. நம்பரும் என்னுது. பத்து. எழுதிக்க தாயி."

பத்து என்பது லேசான விஷயம் இல்லை. அரை மணி நேரத்தில் டாக்டர் ஷாமினி ஓடி வந்தாள். முதல் காரியமாகச் சுகுமாரனை வெளியே அனுப்பினாள். கதவோரம் நின்ற அவனுக்கு உள்ளே பேசியது கேட்டது.

"அம்மா, பயப்படாமச் சொல்லுங்க. உங்க மகன் வீட்ல உங்கள எப்படிப் பாத்துக்குறாரு?"

"தங்கமான புள்ளம்மா," என்றாள் செல்லாயி. "அதான் பாவமா இருக்கு."

டாக்டருக்கு அது போதுமானதாக இல்லை. வெளியே வந்தவள் அவனிடம் சிரிக்கவில்லை. "சார், அஞ்சாவது நாள் இவ்வளவு வலி இருக்கக் கூடாது. ரத்தம் எடுத்திருக்கோம், எக்ஸ்ரேயும் எடுக்கணும். உள்ள கிருமி ஏதாச்சும் இருந்தா திரும்பத் தெறந்து கழுவ வேண்டி வரும். ரிசல்ட் நாளைக்குக் காலைல. யாராச்சும் சொந்தக்காரங்க கையெழுத்துக்கு இங்க இருந்தாகணும். அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம், பயந்துருவாங்க."

திரும்பத் திறப்பதா? இத்தனை நாள் அம்மாவோடு நம்பருக்கு மல்லுக்கு நின்றோமே, உண்மையிலேயே வலித்திருக்கிறதே என்று சுகுமாரன் தலையில் அடித்துக்கொண்டான். தினேஸ்வரிக்குப் போன் அடித்தான். அணைந்தே கிடந்தது. இன்னும் நாலு தடவை அடித்தான். அப்புறம் வராந்தாப் படிக்கட்டில் உட்கார்ந்து அஸ்வானுக்கு அடித்தான்.

"அண்ணே, அம்மாவுக்கு நாளைக்கு மறுபடியும் ஆபரேஷன் இருக்கலாம்ணே. இன்டர்வியூவ ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா?"

"தக் போலே லா சுகு, முடியாது," என்றார் அஸ்வான். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "ஆபீஸ்ல ரெண்டு பேரு கோலாலம்பூர்லேர்ந்து வர்றாங்க. நாளைக்கு யாரு வந்து உக்கார்றாங்களோ அவங்களுக்குத்தான். அடுத்த வருஷம் பாப்போம், என்ன? டாக்டர் லெட்டர் மட்டும் அனுப்பு, லீவு போட்டுடுறேன். அம்மா முக்கியம்."

"அம்மா முக்கியம்ணே," என்றான் சுகுமாரன். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம். இன்னும் இருபத்தாறு வாரம் ராத்திரி ஷிப்ட். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டுமே!

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் எழுதிய லெட்டரைப் பிரமிளா கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். தாயாரின் உடல்நிலை காரணமாக இவர் புதன்கிழமை வரை உடனிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. போட்டோ எடுத்து அஸ்வானுக்கு அனுப்பினான். கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது.

"மொகமே சரியில்லண்ணே. வீட்டுக்குப் போய்ப் படுங்க. ஏதாச்சும்னா நான் போன் பண்றேன்," என்றாள் பிரமிளா.

செமோர் வீட்டுக்கு எப்படிக் காரை ஓட்டினான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் பாயில் சாய்ந்தான். அலாரம் வைக்க இனி காரணம் ஒன்றும் இல்லை. ஓடுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்று உடம்புக்கும் தெரிந்துவிட்டது போல. அப்படியே போய்விட்டான்.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டி முகத்தில் அடித்தது. மணி எட்டரை. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறான்! கை கால் எல்லாம் லேசாக இருந்தது. இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்த்தான், எட்டவில்லை. அடுத்த நொடி அம்மா ஞாபகம் வந்து காரைப் பிய்த்துக்கொண்டு ஓட்டினான்.

வார்டுக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரம் சரியாக ஒன்பது. தஞ்சோங் மாலிமில் இந்நேரம் யாரோ ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். சுகுமாரன் அந்த நினைப்பை விழுங்கிக்கொண்டு அம்மாவின் கட்டிலைப் பார்த்தான்.

கட்டில் காலியாக இருந்தது.

"மிஸ்ஸி!" என்று அலறினான். "எங்கம்மாவ உள்ள கொண்டு போயிட்டாங்களா?"

அப்போது பாத்ரூம் பக்கமிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. செல்லாயி தலையைச் சீவி, விபூதி வைத்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடை பழக்குகிறவன் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தான்.

"வந்துட்டியா?" என்றாள். அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இப்பதான் மனுசன் மாதிரி இருக்க."

டாக்டர் ஷாமினி காகிதங்களோடு வந்தாள். "ரத்தம் கிளீன். எக்ஸ்ரே கிளீன். நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து வலி ஒன்னுதான். எனக்கே ஆச்சரியமா இருக்கு சார். இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

"ஒன்னா?" என்றான் சுகுமாரன். "நேத்துக் காலைல பத்து, சாயங்காலம் ஒன்னா?"

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். செல்லாயி தன் புடவைகளைப் பையில் மடித்து வைக்க ஆரம்பித்தாள். சுகுமாரனுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு நாள் முன்னால் இந்த ஒன்று வந்திருந்தால்! என்ன மருந்து கேட்டதோ, அதை வியாழக்கிழமையே கொடுத்திருந்தால்! ரூலரைப் பையில் செருகிக்கொண்டிருந்த பிரமிளாவிடம் போனான்.

"மிஸ்ஸி, நேத்துச் சாயங்காலம் கடைசியா அம்மாவுக்கு என்ன ஊசி போட்டீங்க?"

"ஊசியா? ஒன்னும் போடலியேண்ணே," என்றாள் பிரமிளா. "நீங்க கெளம்புனதும் நம்பர் கேட்டேன். 'எம்மவனுக்கு லீவு கெடச்சிருச்சா'ன்னு கேட்டாங்க. புதன்கிழம வரைக்கும் கெடச்சிருச்சு, தூங்கப் போயிட்டாருன்னு சொன்னேன். 'அப்ப எனக்கு ஒன்னு போட்டுக்க தாயி'ன்னாங்க."